ஒரு மாதிரியா இருக்கு

பதுளை மாவட்டத்து அரச வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் நான் தாதியாக இருக்கிறேன். எந்த வைத்தியசாலை என்று எழுதப்போவதில்லை. இதில் வருகிறவர்களின் பெயர்களையும் எழுதப்போவதில்லை. ஒருவர் பெயர் வேண்டாம் என்று நேரிலேயே கேட்டுக்கொண்டார். மற்றவரிடம் கேட்க இப்போது வழியில்லை.

எங்கள் பிரிவின் வாசலிலேயே ஒரு மேசை உண்டு. வருகிற நோயாளியை அங்கே உட்கார்ந்திருக்கும் தாதிதான் முதலில் பார்ப்பார். யாரை உடனே உள்ளே கொண்டுபோவது, யாரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வது என்று பிரிப்பது அவர் வேலை. என்ன செய்கிறது என்று கேட்பார், நாடி பார்ப்பார், எழுதுவார். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்துத் தமிழர்கள். மேசையில் உட்காருகிறவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. நான் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆகவே நான் கடமையில் இருந்தால் "நங்கி, கொஞ்சம் வா" என்று, தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, நாள் முழுக்க எங்கிருந்தாவது கூப்பிடுவார்கள்.

என்னை அதிகம் கூப்பிட்டவர் ஒரு சிங்களத் தாதி. வயதில் என்னைவிட மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். ஹாலி-எலவில் தாயோடு இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மெதுவாகப் பேசுவார். சாப்பாட்டு நேரத்தில் தன் பார்சலை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுத்தான் பிரிப்பார். தமிழில் அவருக்குத் தெரிந்தது "எங்க வலிக்குது", "பயப்படாதீங்க", "பெரிய மூச்சு எடுங்க" என்ற மூன்று வசனங்கள்தான். மூன்றையும் நான் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பில் அப்படியே சொல்வார்.

ஒருநாள் எனக்கு விடுமுறை. மறுநாள் காலை வேலைக்கு வந்தபோது அக்கா உடை மாற்றும் அறையில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு வேலை இல்லை. என்னைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

"நங்கி, 'ஒருமாதிரி'ன்னா என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. "யார் சொன்னது?" என்றேன்.

முந்தைய நாள் பின்னேரம், தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் கணவர் முச்சக்கரவண்டியில் அழைத்து வந்திருக்கிறார். நாற்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். நடந்தே உள்ளே வந்தாராம். அக்கா தனக்குத் தெரிந்த தமிழில் எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கிறார். வலியில்லை, ஒரு மாதிரியா இருக்கு என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு விளங்கவில்லை. கணவரைப் பார்த்திருக்கிறார். கணவர் "கேஸ்ட்ரைட்டிஸ், மிஸ்" என்றிருக்கிறார். நாடியும் இரத்த அழுத்தமும் பயப்படும்படி இல்லை. வாங்கில் இருக்கச் சொல்லி, பட்டியலில் வயிற்றெரிச்சல் என்று எழுதிவிட்டு, அடுத்து வந்த விபத்து நோயாளியைப் பார்க்கத் திரும்பியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வாங்கிலிருந்து சரிந்து விழுந்துவிட்டார். மாரடைப்பு. எல்லாரும் ஓடி வந்து செய்யவேண்டியதையெல்லாம் செய்தும் உயிர் திரும்பவில்லை.

உடனே உள்ளே எடுத்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியும் என்று சொல்ல முடியாது, பெரிய அடைப்பு என்று டொக்டர் சொன்னாராம். அன்றிரவே நடந்த விசாரணையிலும் யாரையும் குறை சொல்லவில்லை. அக்கா அதையெல்லாம் என்னிடம் ஒழுங்காகச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பவும் அதையே கேட்டார். "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிங்களத்தில் அமாருய் என்பார்கள், கஷ்டமாக இருக்கிறது என்று. அதற்குக் கிட்ட வரும், ஆனால் அதுவும் இல்லை. காய்ச்சல் வரப்போகிறபோது என் அம்மா அப்படிச் சொல்வார். வாந்தி வருவதற்கு முன்னால் சொல்வார். என் தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போன அன்றும் அப்படித்தான் சொன்னார். உள்ளே ஏதோ சரியில்லை, எது என்று பிடிபடவில்லை, ஆனால் சரியில்லை. இப்படி நான் சுற்றிச் சுற்றிச் சொன்னதை அக்கா தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"அப்ப அந்தப் பொம்பள சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார்.

அதற்குப் பிறகு அக்கா மேசைக்கு வருகிற ஒவ்வொருவரின் வாயையும் பார்க்கத் தொடங்கினார். கிறுகிறுன்னு வருது என்றால் என்ன, படபடப்பு வேறா, மூச்சு முட்டுது என்பதும் மூச்சு வாங்குது என்பதும் ஒன்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் போகும்போது கைப்பேசியில் ஆங்கிலத் தாதியியல் சஞ்சிகைகளைத் தேடிப் படித்தார். ஒருநாள் உணவுச்சாலையில் சொன்னார்.

"நம்மளப் போல எமர்ஜென்சியில நிக்கிற நர்ஸ்மார் எழுதினது ரொம்பக் கொஞ்சம், நங்கி. எழுதுறவங்க எல்லாம் யுனிவர்சிட்டியில இருக்காங்க. வாசல்ல உக்காந்திருக்கிறவங்க எழுதுறதில்ல."

"நமக்கு எழுதத் தெரியாதே, அக்கா."

"தெரியாதுதான். ஆனா பாத்தது நாம."

இப்படித்தான் ஆரம்பித்தோம். நெஞ்சு நோயோடு வந்து பிழைத்து, வார்டில் தேறிக்கொண்டிருக்கும் தமிழ் நோயாளிகளிடம் பேசுவது. வாசலில் முதலில் என்ன சொன்னார்கள், அதை நாங்கள் எப்படி எழுதினோம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி. அனுமதி வாங்கவே பல மாதம் போயிற்று. எங்களோடு வேலை செய்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆனாலும் சிரித்தார்கள். இதை எழுதினால் இடமாற்றம் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். இருதய வைத்தியர் மட்டும் அக்கறையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஈசிஜி பற்றிய பகுதியைத் தானே திருத்தித் தந்தார். தன் பெயரைப் போட வேண்டாம், இது உங்கள் வேலை என்றார்.

காலைக் கடமை முடிந்ததும் வார்டுக்குப் போவோம். நான் தமிழில் பேசுவேன். அக்கா பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். உங்களுக்கு விளங்கப்போவதில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பேச்சு விளங்காததால் அவர் கைகளைப் பார்த்தார். அந்த நேரத்தை நினைத்துச் சொல்லும்போது பெண்களின் கை நெஞ்சுக்குப் போகவில்லை என்பதை அவர்தான் கண்டார். சிலருக்குத் தொண்டைக்குப் போனது. பலருக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், கொழுந்துக் கூடையின் கயிறு இழுக்கிற இடத்துக்குப் போனது. கூடை சுமந்த வலி என்று அவர்களே நினைத்துக்கொண்டு நாள்கணக்காகப் பொறுத்திருந்தார்கள். நான் அவர்கள் கண்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததில் எனக்கு அது படவில்லை. சொல் ஒரு பக்கம், கை போன இடம் மறுபக்கம் என்று அக்கா ஒரு அட்டவணை போட்டார்.

அந்த இறந்துபோன பெண்ணைப் பற்றியும் எழுத வேண்டும் என்று அக்கா சொன்னார். அதற்கு அவருடைய கணவரின் சம்மதம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். தோட்டத்துப் பாதையில் இறங்கி, தேயிலைக்கு நடுவே போகிற படிகளில் ஏறினோம். அக்கா ஒரு பார்சல் பிஸ்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

கணவர் லயத்து வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைச் சாரத்தில் துடைத்தார். அக்காவை அடையாளம் கண்டுகொண்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"வாங்க மிஸ். உள்ள வாங்க. உக்காருங்க" என்றார். நாங்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பிளேன்டீ ஊற்றி, சீனியைத் தனியாக ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்.

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நான் கேட்காமலே பேசத் தொடங்கினார்.

"அவ எதுக்கும் அப்புடித்தாங்க சொல்லுவா. மழ கட்டினா ஒரு மாதிரியா இருக்கும்பா. மக வாரேன்னுட்டு வராட்டி ஒரு மாதிரியா இருக்கும்பா. நான் பெருசா எடுக்கல. அன்னைக்கி கொழுந்து மலையில இருந்து பாதியில வந்துட்டா. அவ பாதியில வாரவ இல்லைங்க. அப்பவாவது நான் யோசிச்சிருக்கணும். இந்த மிஸ் என்னையப் பாத்தாங்க. நான்தான் கேஸ்ட்ரைட்டிஸ்னு சொன்னேன். நோய் வருத்தத்துல எனக்குத் தெரிஞ்ச பேரு அது ஒண்ணுதாங்க."

அவர் அழவில்லை. டீக்கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். நான் மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று தயங்கினேன். ஆனால் கேஸ்ட்ரைட்டிஸ் என்ற சொல் அக்காவுக்கு விளங்கிவிட்டது. அந்த ஒரு சொல்லிலிருந்து மற்றதையும் புரிந்துகொண்டார் போலிருக்கிறது.

"அவர் சொன்னத எனக்குச் சொல்லு" என்றார். சொன்னேன். அக்கா தன் கதிரையை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

"அவருக்குச் சொல்லு, நங்கி. அவங்க உங்ககிட்ட சொல்லல்ல, என்கிட்டதான் சொன்னாங்க. கேட்டிருக்க வேண்டியது நான். நீங்க கூட்டிட்டு வந்தீங்க. நீங்க செய்ய வேண்டியதச் செஞ்சீங்க."

நான் அப்படியே தமிழில் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்த மிஸ்ஸு மேல எனக்குக் கோவம் இல்லைன்னு சொல்லுங்க" என்றார். "எழுதுங்க. எழுதினா நல்லதுதான். ஆனா அவ பேரு வேணாம். எம் பேரும் வேணாம். புள்ளைங்க படிக்கிதுக."

திரும்பி வருகிறபோது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பண்டாரவளை தாண்டும்வரைக்கும் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

ஆங்கிலத்தில் எழுதுவது எங்கள் இருவருக்கும் கல் உடைக்கிற வேலையாக இருந்தது. ஹாலி-எல வீட்டில் அக்காவின் அம்மா சோறு போட்டுத் தர, சாப்பாட்டு மேசையிலேயே கணினியை வைத்து எழுதினோம். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எத்தனை பக்கம் ஆயிற்று என்று மட்டும் கேட்பார். கட்டுரையின் கடைசியில், ஆராய்ச்சியின் குறைகளைச் சொல்ல வேண்டிய இடத்தில், அக்கா தானாக யோசித்துச் சில வரிகள் எழுதினார். ஆராய்ச்சி செய்தவர்களில் ஒருவருக்கு நோயாளிகளின் மொழி தெரியாது. அவர் எல்லா உரையாடல்களிலும் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் வந்த அன்று வாசல் மேசையில் இருந்தவரும் அவர்தான். இதை எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டேன். "இத எழுதாட்டி மத்தத எழுதி என்ன?" என்றார்.

முதலில் அனுப்பிய சஞ்சிகை எடுத்துக்கொள்ளவில்லை. இது உள்ளூர் விஷயம், எங்கள் வாசகர்களுக்குப் பொருந்தாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இரண்டாவது சஞ்சிகைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில்தான் அக்காவின் பல் முரசில் ரத்தம் வரத் தொடங்கியது. கையில் அடிபடாமலே நீலமாகத் தடங்கள் தெரிந்தன. சீருடைக் கையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டார். நான்தான் ஒருநாள் கையைப் பிடித்து நிறுத்தி ரத்தம் எடுத்தேன். எடுக்கும்போது இருவரும் சிரித்துப் பேசினோம். ஆய்வுகூடத்திலிருந்து பெறுபேறு வந்தபோது எங்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ரத்தப் புற்றுநோய். அடுத்த வாரம் அக்காவை மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள்.

சஞ்சிகையின் பதில் அதன் பிறகு வந்தது. கட்டுரையைப் படித்த இரண்டு ஆய்வாளர்கள் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். ஒருவர், "ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்குச் சரியான ஆங்கிலச் சொல்லைத் தரவேண்டும், அப்படி ஒன்று இல்லையென்றால் அதை நீக்கிவிடலாம் என்று எழுதியிருந்தார். மற்றவர், கடைசியில் உள்ள வரிகள் தனிப்பட்டவை, ஆராய்ச்சிக் கட்டுரைக்கு உரியவை அல்ல என்று சொல்லியிருந்தார். கைப்பேசியில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மருந்தால் அவர் வாய் முழுக்கப் புண். ஒவ்வொரு சொல்லாகத்தான் பேச முடிந்தது.

"இங்கிலீஷ்ல போடாத. தமிழ்லயே அந்தச் சத்தத்த எழுது. எனக்கு விளங்காம இருந்திச்சே. வாசிக்கிறவங்களுக்கும் கொஞ்ச நேரம் விளங்காம இருக்கட்டும். அதுக்குப் பிறகு கீழ விளக்கம் எழுது."

"மத்தது? அந்தக் கடைசி வரி?"

"அத எடுக்காத, நங்கி."

விடுமுறை கிடைக்கிறபோதெல்லாம் இரவு பஸ்ஸில் ஏறி மகரகமவுக்குப் போனேன். தலைமுடி போன பிறகு அக்காவின் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் மொனராகலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். அவர் தாதியைக் கூப்பிட்டால் அக்கா படுத்தபடியே சிங்களத்தில் எடுத்துச் சொல்வாராம். முழுவதும் தெரியாவிட்டாலும் நோய்க்கான சொற்கள் அவருக்கு அதற்குள் பாடமாகியிருந்தன. அந்தப் பெண் என்னிடம், "இவங்க எந்த ஊருத் தமிழுங்க?" என்று கேட்டார். சிங்களவர் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை.

திருத்திய கட்டுரையை நான் அனுப்பினேன். அக்காவின் வரிகளை அப்படியே வைத்திருந்தேன். அனுப்பிய செய்தியைச் சொல்லக் கூப்பிட்டபோது கைப்பேசியை அவருடைய அம்மா எடுத்தார். அக்கா இறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

ஹாலி-எலவில் வீடு முழுக்க வெள்ளைக்கொடி. எங்கள் பிரிவிலிருந்து கடமையில் இல்லாத எல்லாரும் வந்திருந்தார்கள். சிரித்தவர்களும் வந்து அழுதார்கள்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டோம் என்ற செய்தி அதற்குப் பிறகு வந்தது. கூடவே, எழுதியவர்கள் எல்லாரும் இறுதி வடிவத்துக்குச் சம்மதித்துக் கையொப்பமிட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அக்காவின் பெயர்தான் முதலில் இருந்தது. நான் சஞ்சிகையின் ஆசிரியருக்கு எழுதினேன். கட்டுரையை எழுதியவர்களில் முதலாமவர் காலமாகிவிட்டார் என்று ஆங்கிலத்தில் எழுத எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் எடுத்தது. மரியாதையான பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபங்கள். கையொப்பம் தேவையில்லை, பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு, கீழே காலமானவர் என்று குறிப்பிடுவோம். ஆனால் அச்சுக்குப் போகும் பிரதியில் அக்காவின் வரிகளைக் காணவில்லை. திரும்பவும் எழுதிக் கேட்டேன். அது சஞ்சிகையின் நடைமுறை, மன்னிக்கவும் என்றார்கள். நான் இன்னொரு முறை எழுதினேன். அதற்கும் அதே பதில்தான் வந்தது.

வெளிவந்த அன்று, இறந்த அந்தப் பெண்ணின் கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். சந்தோசம் மிஸ் என்றார். உடனே, "அந்த மிஸ் எப்புடி இருக்காங்க?" என்று கேட்டார். சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எங்க வீடு வரைக்கும் நடந்து வந்தாங்களே" என்றார் பிறகு.

இணையத்தில் மட்டும் வருகிற சஞ்சிகை அது. பதுளை நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து அச்சிட்டு, பைண்ட் செய்து, அக்காவின் அம்மாவிடம் கொண்டுபோனேன். அக்கா இறந்த மூன்றாம் மாதம் பிக்குமாருக்குக் கொடுக்கும் தானம் முடிந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கினார். மகளின் பெயரை எழுத்தெழுத்தாகத் தேடிக் கண்டுபிடித்தார். பெயருக்குப் பக்கத்தில் சிலுவை போல இருந்த சிறிய குறியில் விரலை வைத்தார்.

"இது என்ன குருசா, துவே? நாங்க புத்தரக் கும்பிட பன்சலைக்குத்தானே போறவங்க."

சிங்களத்தில் மகளே என்பதைத் துவே என்பார்கள். அக்கா இருந்த நாளில் அந்த அம்மா என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"மதத்துக்குப் போட்டதில்லம்மா. அவங்க இப்ப இல்லைங்கிறதுக்குப் போடுற குறி."

"அத ஏன் இதுல போடணும்?" என்றார்.

பக்கங்களைப் புரட்டினார். "இதுல என் மக எழுதினது எது?" என்று கேட்டார். நான் அட்டவணையைக் காட்டினேன். இது முழுக்க அக்கா போட்டது, இந்தக் கைகளையெல்லாம் அவர்தான் பார்த்தார் என்று ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொன்னேன். அம்மா கவனமாகக் கேட்டார்.

"அந்தப் பொம்பளயப் பத்தி இருக்கா? செத்துப்போனவங்க?"

"இருக்கும்மா."

"அன்னைக்கு என் மகதான் அங்க இருந்தான்னு போட்டிருக்கா?"

"இல்லம்மா."

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய தோள்கள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். "புண்ணியம்" என்றார். "அத எழுதப்போறேன்னு சொல்லிட்டிருந்தா. வேணாம் வேணாம்னு எத்தன தடவ சொன்னேன். அன்னைக்கு வந்தவ சாப்பிடல்ல. அதுக்குப் பிறகும் ஒழுங்காச் சாப்பிடல்ல. கடைசியில என் பேச்சக் கேட்டிருக்கா."

எடுக்காத நங்கி என்று அக்கா சொன்னது என் வாய்வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அம்மா கட்டுரையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து, அதை அக்காவின் படத்துக்கு முன்னால் வைத்தார். பிறகு, சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லிக் குசினிக்குள் போனார். நான் போய்ப் பின்னால் நின்று தேங்காய் துருவிக் கொடுத்தேன்.